திரையில் உலாவிய காவலர் – 11: ரேகன் வீட்டுப் பந்தி

சென்ற அத்தியாயத்தின் முடிவில், ஆண்டி சிப்போவிட்ஸ் என்னும் முரட்டுத் துப்பறிவாளர், தம்மைப் போலவே போலீஸ் உத்தியோகத்தை நாடிய மூத்த மகனைப் பறிகொடுத்துவிட்டு நின்றதைப் பார்த்தோம். அது 1996ஆம் வருஷத்துக் கதை. மூன்று ஆண்டுகள் சென்றபின் அவருடைய மனைவி ஸில்வியாவும் நீதிமன்றத்திலேயே துப்பாக்கிக் குண்டுக்கு இரையானாள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் போலீஸ்காரராகப் பிறந்த பாத்திரத்துக்குக் குடும்ப சுகத்தைக் கையில் கொடுப்பதும், நேயர்கள் அதில் மனம் ஒன்றிய சமயத்தில் பிடுங்கிக்கொள்வதும் எழுத்தாளர்களின் பழக்கமாகவே ஆகியிருந்தது. 'டிராக்நெட்' பிரைடே பிரமசாரி; கொலம்போ வாய்க்கு வாய் பேசிய மனைவியை அந்தத் தொடரில் நாம் ஒரு நாளும் கண்டதில்லை; 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' தலைவர் பியூரில்லோவின் முதல் மனைவி ஜீவனாம்சம் கேட்டு ஸ்டேஷன் வாசலிலேயே வந்து நின்றாள். 'காக்னி அண்டு லேஸி'யில் மட்டும் லேஸிக்குக் கணவனும் குழந்தைகளும் கூடிய ஒரு நிஜமான வீடு வாய்த்தது. அவளுடைய தோழி காக்னிக்கோ, ஓய்வு பெற்ற போலீஸ்காரரும் குடிப்பழக்கத்துக்கு அடிமைப்பட்டவருமான தகப்பனாரே நெருங்கிய உறவு.

இதற்குக் காரணம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் குற்றம் நடந்து, தடயம் கிடைத்து, குற்றவாளி அகப்பட்டாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் இருக்கும் கதாசிரியருக்கு, சோறு பரிமாறுகிற காட்சி வீண் செலவாகத்தான் தோன்றும். கல்யாணத்தைவிட விவாகரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆயினும் ஆதியில் ஒரு விதிவிலக்கு இருந்தது. அது இருந்த இடம் இங்கிலாந்து. பி.பி.சி. 1955 முதல் 1976 வரை ஒளிபரப்பிய 'டிக்ஸன் ஆஃப் டாக் கிரீன்' நாடகத்தின் நாயகர் ஜார்ஜ் டிக்ஸன் மனைவியை இழந்தவர்; மகள் மேரியோடு வசித்தவர்; அந்த மகளும் தகப்பனாரின் ஸ்டேஷனைச் சேர்ந்த ஆண்டி கிராஃபர்டையே மணந்துகொண்டபடியால், மாமனாருக்கும் மருமகனுக்கும் உத்தியோகமும் உறவும் ஒன்றாகிவிட்டன. அந்த வேஷம் கட்டிய ஜாக் வார்னர், நாடகம் முடிந்தபோது எண்பது வயதைக் கடந்த கிழவர். 1981இல் அவர் காலமானபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் லண்டன் மாநகரத்து நிஜப் போலீஸ் அதிகாரிகள் என்றால், ஜனங்கள் அவரை எவ்வளவு தூரம் வீட்டு மனிதராகப் பாவித்தார்கள் என்பது விளங்கும். ஆனால் 1962இல் வந்த 'ஸீ கார்ஸ்' அந்தச் சௌகரியமான கற்பனையைக் கலைத்துவிட்டது. அதன் முதல் பகுதியிலேயே ஒரு போலீஸ்காரரின் மனைவி கண் வீங்கிய முகத்தோடு காட்சியளித்தாள். அதன் பிறகு அரை நூற்றாண்டுக் காலம், அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும், நல்ல போலீஸ்காரருக்கு நல்ல வீடு என்பது நம்பத்தகாத விஷயமாகவே கருதப்பட்டது.

இந்தச் சம்பிரதாயத்துக்கு விரோதமாக 2010ஆம் வருஷம் செப்டம்பர் 24ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு, சி.பி.எஸ். நிறுவனம் 'புளூ பிளட்ஸ்' என்ற தொடரைத் தொடங்கியது. நியூயார்க் போலீஸ் கமிஷனர் பிராங்க் ரேகன் குடும்பத் தலைவர். அவருடைய தகப்பனார் ஹென்ரி, அதே நாற்காலியில் ஒரு காலத்தில் அமர்ந்திருந்து ஓய்வு பெற்றவர். மூத்த மகன் டேனி, இராக் யுத்தத்திலிருந்து திரும்பிய துப்பறிவாளன். மகள் எரின், மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவி வழக்கறிஞர். கடைக்குட்டி ஜேமி, ஹார்வர்டில் சட்டம் படித்துத் தேறிய பிறகு, அந்தப் படிப்பைக் கட்டி வைத்துவிட்டுச் சாதாரணக் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவன். இவர்களுக்கு நடுவே ஜோ என்று ஒரு மகன் இருந்தான். தொடர் தொடங்குமுன்பே பணியில் கொல்லப்பட்டுவிட்டான். பிராங்கின் மனைவி மேரியும் காலமாகிவிட்டாள். எஞ்சியவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூஜை முடிந்ததும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து உண்பார்கள். பதினான்கு சீசன்களில் 293 பகுதிகள் வந்தன. அவற்றில் இந்தப் பந்தி வராத பகுதியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

பிராங்க் வேஷத்தை ஏற்ற டாம் செலக், எண்பதுகளில் 'மேக்னம்' தொடரின் மூலம் அடர்ந்த மீசையோடு உலகப் பிரசித்தி அடைந்தவர். அவருக்குத் தகப்பனாராக வந்த லென் கேரியூவோ மகனைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். 1979இல் பிராட்வே மேடையில், நாற்காலியில் வந்து அமர்ந்தவர்களின் கழுத்தை அறுக்கும் நாவிதன் ஸ்வீனி டாடாக நடித்து டோனி விருது பெற்றவர். அப்பேர்ப்பட்டவர் கொள்ளுப் பேரர்களுடன் உட்கார்ந்து பட்டாணி பரிமாறுவதைப் பார்க்கையில் பழைய நாடக ரசிகர்களுக்குச் சற்றுத் திகைப்பாகத்தான் இருந்திருக்கும். டேனியின் இரண்டு பிள்ளைகளாக வந்த சிறுவர்கள் நிஜ வாழ்விலும் சகோதரர்களே.

இந்த மேஜையின் வம்சாவளியை விசாரிப்பது சுவாரஸ்யமானது. தொடரைப் படைத்த ராபின் கிரீன், மிட்செல் பர்ஜஸ் தம்பதியர் அதற்கு முன் எழுதிப் புகழ் பெற்றது 'தி சொப்ரானோஸ்'. அது போலீஸ் கதையன்று, நியூ ஜெர்ஸியின் மாஃபியாத் தலைவன் ஒருவனுடைய கதை. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை உண்டு, மாதா கோயில் உண்டு, மூன்று தலைமுறை கூடி உண்ணும் விருந்து உண்டு. குடும்பத்துக்கு வெளியே எதையும் பேசாதே, உறவினனைக் காட்டிக் கொடுக்காதே, மூத்தவர் சொல்லைத் தட்டாதே என்ற விதிகள் அந்த வீட்டில் கொள்ளைக்கும் கொலைக்கும் மறைவாக நின்றன. அதே ஆசிரியர்கள் அதே மேஜையை நதியைத் தாண்டிக் கொண்டுவந்து, புரூக்லினின் பே ரிட்ஜ் பகுதியில் ஒரு போலீஸ் கமிஷனர் வீட்டில் போட்டார்கள். இத்தாலிய மாஃபியாவின் இடத்தில் ஐரிஷ் போலீஸ் வந்தது. விசுவாசம் என்னும் குணம் மட்டும் மாறாமல் கூடவே வந்தது. அந்த ஆசிரியர்கள் இத்தொடரில் வெகு நாள் நிலைக்கவில்லை. சீக்கிரமே பொறுப்பு கெவின் வேட் கைக்குப் போயிற்று. ஆயினும் அவர்கள் போட்ட மேஜை கடைசி வரையில் அசையவில்லை.

தயாரிப்பாளர் லியோனார்ட் கோல்ட்பெர்க்கையும் இங்கே நினைவுகூர வேண்டும். எழுபதுகளில் ஆரன் ஸ்பெல்லிங்குடன் கூட்டுச் சேர்ந்து 'தி ரூக்கீஸ்', 'ஸ்டார்ஸ்கி அண்டு ஹட்ச்' என்ற போலீஸ் தொடர்களைத் தயாரித்தவர் அவர். அதே கூட்டில், துப்பாக்கிச் சத்தமே இல்லாத 'ஃபேமிலி' என்ற இல்லறத் தொடரையும் தயாரித்தவர். அப்போது இரண்டும் வெவ்வேறு நாட்களில் வந்த வெவ்வேறு தொடர்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதல் பகுதியின் கதை இது: நீரிழிவு நோயுள்ள ஒரு சிறுமி கடத்தப்படுகிறாள்; மருந்து இல்லாவிடில் அவள் பிழைக்கமாட்டாள்; சந்தேகத்துக்குரியவன் டேனியின் கையில் அகப்படுகிறான்; வாயைத் திறக்க மறுக்கிறான். டேனி அவன் தலையைக் கழிவறைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கிச் சிறுமி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறான். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் இந்த அக்கிரமம் மேலதிகாரியின் அறையிலோ நீதிமன்றத்திலோ விசாரிக்கப்பட்டிருக்கும். இங்கே அது ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கு வருகிறது. அரசு வழக்கறிஞரான தங்கை சட்டத்தைச் சொல்கிறாள், அண்ணன் உயிரோடு மீண்ட குழந்தையைச் சொல்கிறான், பாட்டனார் பழைய கால வழக்கத்தைச் சொல்கிறார், குழந்தைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், துறையின் தலைவரான தகப்பனார், தலைவராகப் பேசுவதா தகப்பனாராகப் பேசுவதா என்று தெரியாத சங்கடத்தில் அமர்ந்திருக்கிறார்.

இந்த முதல் பந்தியிலேயே தொடரின் இலக்கணம் முழுவதும் வகுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். ஜபம் சொல்லாமல் யாரும் முள்கரண்டியைத் தொடலாகாது. வாரம் முழுவதும் தனித்தனியே அவரவர் அலுவலகத்தில் கிளம்பிய பிரச்சினை ஏதாவது ஒரு கேள்வியாக உருமாறி மேஜைக்கு வரும்; பல சமயங்களில் அதை எழுப்புவது ஒரு குழந்தையாகவே இருக்கும். வாக்குவாதம் முற்றலாம், குரல் உயரலாம், யாராவது எழுந்து போகவும் செய்யலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தம் நாற்காலியில் இருந்தாக வேண்டும். தீர்ப்பு என்று ஒன்று சொல்லப்படுவது அபூர்வம். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை நிச்சயிக்காமலே உருளைக்கிழங்குப் பாத்திரம் கைமாறிவிடும். அதனால் யாருக்கும் குறைவு வந்துவிட்டதாக நேயர்கள் எண்ணவில்லை. விமரிசகர்கள் பலர் பழமைவாதம் என்று இதைப் பரிகசித்தார்கள். எனக்கு அந்தப் பரிகாசம் பாதிதான் பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் அந்த வீட்டில் பேத்தி நிக்கி போலீஸைக் கண்டித்துப் பேசலாம். விவாகரத்தான எரின் தலை குனியாமல் உட்காரலாம். பெரியவரின் அபிப்பிராயத்தைப் பேரன் மறுக்கலாம். அங்கே கட்டாயம் என்பது ஒன்றே ஒன்று, சமுகம் அளித்தல்.

ஜேமி என்ற இளையவனைப் பற்றிய கதைதான் முதல் சீசனின் உயிர்நாடி. இறந்துபோன அண்ணன் ஜோ, போலீஸ் துறைக்குள்ளேயே இயங்கிய 'புளூ டெம்ப்ளர்' என்னும் இரகசியச் சங்கத்தை வேவு பார்த்துக்கொண்டிருந்தான் என்ற செய்தி, மத்தியப் புலனாய்வுத் துறையினர் மூலம் ஜேமியின் காதுக்கு எட்டுகிறது. அந்தச் சங்கத்தினரும் தங்களைச் சகோதரர்கள் என்றே எண்ணியவர்கள். ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுப்பதில்லை என்று உறுதி பூண்டவர்கள். ஜோவின் மரணத்துக்குப் பொறுப்பானவனும் அவனுடைய சிநேகிதனாக இருந்த ஒரு துப்பறிவாளனே என்பது 2011 மே மாதத்தில் வெளியாகிறது. இந்தக் கதையில் ஆசிரியர்கள் செய்திருக்கும் காரியத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். போலீஸ் விசுவாசம் என்ற ஒரே குணத்தை அவர்கள் இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். அதன் விஷம் முழுவதையும் இரகசியச் சங்கத்தின் தலையில் இறக்கினார்கள். அமிர்தம் முழுவதையும் ரேகன் வீட்டு மேஜையில் வைத்தார்கள். பொய்யான சகோதரத்துவத்தை ரத்த பந்தம் வென்றது. அன்றோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. பின் வந்த பதின்மூன்று சீசன்களிலும் அழுகிப்போன போலீஸ்காரர்கள் வந்தார்கள், போனார்கள். அழுகல் அந்த மேஜையை மட்டும் தொடவேயில்லை.

நிஜ நியூயார்க்கின் சரித்திரத்தில் அவ்விரண்டும் இவ்வளவு சுலபமாகப் பிரிந்ததில்லை. அந்த நகரத்தின் முறையான போலீஸ் படை நிறுவப்பட்டது 1845இல். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் தொடங்கியதும் அதே வருஷத்தில். பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்து இறங்கிய ஏழைக் கத்தோலிக்கர்களுக்கு, நகர அரசியலை ஆட்டிவைத்த டாமனி ஹால் கட்சியார் வாக்குகளுக்குப் பிரதியாகப் போலீஸ் உத்தியோகம் வாங்கிக் கொடுத்தார்கள். தகப்பன் சேர்ந்த இடத்தில் மகன் சேர்ந்தான், அண்ணன் பின்னால் தம்பி போனான். ஓரிரண்டு தலைமுறைக்குள் அது குலத்தொழில் ஆகிவிட்டது. 1953இல் ஐரிஷ் வம்சத்துப் போலீஸார் தங்களுக்கென்று 'எமரால்டு சொசைட்டி' என்ற சங்கத்தையும் கண்டார்கள். ரேகன் வம்சம் கற்பனையானாலும், தலைமுறை தலைமுறையாக ஒரே தொழில் செய்யும் குடும்பம் என்பது கற்பனையன்று.

ஆனால் அந்தக் குடும்ப பாசமே மௌனத்தின் வேராகவும் இருந்தது. 1970இல் பிராங்க் ஸெர்பிகோ என்ற அதிகாரி, தம் சகாக்கள் லஞ்சம் வாங்குவதைத் துறைக்குள் பல கதவுகளைத் தட்டிச் சொல்லிப் பயனின்றி, கடைசியில் பத்திரிகையின் மூலம் உலகுக்குத் தெரிவித்தார். மேயர் ஜான் லிண்ட்ஸே அமைத்த நாப் கமிஷன், லஞ்சம் துறையெங்கும் பரவிக் கிடப்பதாக 1972இல் அறிக்கை வெளியிட்டது. ஸெர்பிகோ இத்தாலிய வம்சத்துச் செருப்புத் தொழிலாளியின் மகன். போலீஸ் குடும்பத்தில் பிறந்தவரல்லர். அவர் ஒரு ரேகனாகப் பிறந்திருந்தால், அந்த மேஜையில் தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் எதிரே அமர்ந்துகொண்டு அதே காரியத்தைச் செய்திருப்பாரா? இந்தக் கேள்வியைத் தொடர் ஒரு நாளும் முழு பலத்துடன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் நேராதபடி பிராங்க் ரேகனை அப்பழுக்கற்றவராகப் படைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சலுகை காட்ட மறுக்கும் பிதாவாக அவரைத் திரும்பத் திரும்பக் காட்டியது மெய்தான். அண்ணனுக்கு வாரண்டு வாங்கித் தர மறுக்கும் தங்கையையும் காட்டினார்கள். ஆயினும் தகப்பனார் கமிஷனர், மகன் துப்பறிவாளன், வழக்கை நடத்துவது மகள் என்ற ஏற்பாட்டைக் கண்டு எந்த எதிர்க்கட்சி வக்கீல்தான் சும்மா இருப்பார்!

மற்றோர் உதாரணமும் சொல்லலாம். தொடர் ஓடிக்கொண்டிருந்த 2011ஆம் வருஷத்தில், நிஜ நியூயார்க் போலீஸார் வீதியில் ஜனங்களை நிறுத்திச் சோதனையிட்ட தடவைகள் 6,85,000-ஐத் தாண்டின. நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க வம்சத்தவருமே. அது நடத்தப்பட்ட விதம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று நீதிபதி ஷைரா ஷெய்ண்ட்லின் 2013 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். ஊரெல்லாம் மூண்ட இத்தகைய வாதம் அந்தச் சாப்பாட்டு அறைக்குள் வரும்போது வேறு வடிவம் எடுத்துவிடும். நிறுத்தப்பட்ட இளைஞனின் வீட்டு மேஜையில் அன்றிரவு என்ன பேசினார்கள் என்பதை நாம் கேட்பதில்லை. நிறுத்தியவனின் வீட்டில் மனம் நொந்து பேசுவதை மட்டுமே கேட்கிறோம். குடும்பத்தை மையமாக வைத்த கதைக்கு இது பிறவிக் குறை. 2020இல் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸார் கையில் மாண்டு, தேசமே கொந்தளித்தபோது, 'காப்ஸ்' போன்ற நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. ரேகன் குடும்பமோ மீண்டும் வந்து, அந்தக் கொந்தளிப்பையும் ஜபத்துக்கும் பழத்துக்கும் இடையே பேசி முடித்தது.

பந்தியில் இடம் பெறுவது எவ்வளவு பெரிய பதவி என்பதை இரண்டு பாத்திரங்கள் காட்டின. ஜேமியின் ரோந்துத் துணைவியாக இருந்த எடி ஜாங்கோ, அவனுக்கு நிச்சயிக்கப்பட்டு, 2019இல் மணம் புரிந்து, நாற்காலிக்குப் பாத்தியதை பெற்றாள். 2020இல், டேனியின் இளைய மகன் விளையாட்டாகச் செய்துகொண்ட மரபணுப் பரிசோதனையின் மூலம், மாண்டுபோன ஜோவுக்கு யாருக்கும் தெரியாத மகன் ஒருவன் இருப்பது வெளிப்பட்டது. தாயின் குலப்பெயரால் ஜோ ஹில் என்று அழைக்கப்பட்ட அந்த இளைஞன் ஏற்கெனவே போலீஸ்காரன். ரேகன் என்ற பெயர் தரும் பெருமையையும் அதன் பாரத்தையும் ஏற்பதா வேண்டாமா என்று வெகு காலம் தத்தளித்தான். என் மட்டில், தொடர் முழுவதிலும் இவன் ஒருவனே குடும்ப விசுவாசத்தை வெளியிலிருந்து பார்க்கத் தெரிந்தவன். ஆசிரியர்கள் இவனுக்கு இன்னும் அதிக இடம் கொடுத்திருக்கலாம்.

குடும்பத்தைப் பற்றியே பேசிய நாடகம் தன் நடிகை ஒருவர் விஷயத்தில் தடுமாறியதும் உண்டு. டேனியின் மனைவி லிண்டாவாக ஏழு சீசன்கள் நடித்த ஏமி கார்ல்ஸன் விலகிக்கொள்ளவே, 2017இல் எட்டாம் சீசன் தொடங்கும்போது, அவள் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துவிட்டதாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். சவ அடக்கம் கூடக் காட்டப்படவில்லை. அந்த மேஜையில் வாரந்தோறும் அமர்ந்திருந்தவளுக்கு ஒரு விடைகொடுப்பு இல்லையே என்று நேயர்கள் கோபித்துக்கொண்டது நியாயமே.

பத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் வெள்ளிக்கிழமை இரவை ஆண்ட பிறகும், செலவு மிகுந்துவிட்டதென்று நிறுவனம் கணக்குப் பார்த்தது. பதினான்காம் சீசனுக்காக நடிகர்கள் தங்கள் சம்பளத்தில் கால் பங்கை விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் தொடரை நீட்டிக்க நிறுவனம் உடன்படவில்லை. செலக் தமது அதிருப்தியை மறைக்கவில்லை. 2024 டிசம்பர் 13ஆம் தேதி கடைசிப் பகுதி வந்தது. எடி கருவுற்றிருக்கும் செய்தி கடைசிப் பந்தியில் அறிவிக்கப்பட்டது.

வியாபாரிகள் விற்கிற சரக்கை லேசில் விட்டுவிட மாட்டார்கள். 2025 அக்டோபரில் அதே சி.பி.எஸ்., அதே வெள்ளிக்கிழமை இரவில், 'பாஸ்டன் புளூ' என்ற தொடரைக் கொண்டுவந்தது. டேனி ரேகன் ஊர் மாறி, லீனா ஸில்வர் என்ற கறுப்பினத் துப்பறிவாளருக்குத் துணையாகிறான். அவளுடைய குடும்பமும் போலீஸிலும் நீதித் துறையிலும் வேரூன்றியதே. ஆனால் வீடு யூத வீடு, தாய்வழிப் பாட்டனாரோ பாப்டிஸ்டு சபைப் போதகர். ஆகவே இங்கே பந்தி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு, சப்பாத்து விருந்துக்கு, நகர்ந்துவிட்டது. கத்தோலிக்கனான டேனி அந்த மேஜையில் விருந்தாளி. வேறொரு வீட்டாரின் ஜபம் முடியும் வரையில் காத்திருந்து உண்ண வேண்டியவன். ஐரிஷ் குலத்தின் சொத்தாக இருந்த ஒரு சடங்கை மற்றொரு குலம் எவ்விதம் கையாள்கிறது என்பதையும், ஸில்வர் குடும்பத்தாருக்குள் சட்டமும் பாசமும் மோதும் இடங்களையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)